பிள்ளை உறங்கும் அறை

எங்கள் விடுதியின் எல்லா அறைகளுக்கும் நேரே "சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு உகந்தது" என்று சரி அடையாளம் போட்டு இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். வரவேற்பு மேசையில் இப்போது இருக்கும் கமலினி, ஆரையம்பதியில் இருக்கும் என் வீட்டுக்கே வந்து, போனைத் திறந்து பெருமையாகக் காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையலறைக்கு மேலே இருக்கும் அறைக்கும் சரி. தண்ணீர் மோட்டருக்கு ஒட்டிய அறைக்கும் சரி. கல்யாண மண்டபத்தைப் பார்த்தபடி இருக்கும் அறைக்கும் சரி. இந்தச் சரியைப் போட்டவர் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றை ஒரு நாளாவது உறங்கப் பண்ணியிருக்கிறாரா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "அப்ப நீங்க எப்பிடியக்கா அறை குடுத்தீங்க? எழுதித் தாங்களன், நாங்களும் படிக்கிறம்" என்றாள். சும்மா சொன்னாளோ, மனதோடு சொன்னாளோ தெரியாது. நான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கும் அந்த விடுதிக்கு நான் துணி துவைக்கத்தான் போனேன். சண்டைக் காலம். வந்து தங்குகிறவர்கள் வங்கி ஆட்கள், அரசாங்கக் கந்தோர் ஆட்கள், தொண்டு நிறுவனக்காரர். குடும்பம் குட்டியோடு விடுமுறைக்குப் போகிற காலமா அது? பொழுதுபட்டால் வாசற்கதவைச் சாத்திவிடுவோம். துவைக்கும் இடத்தில் இருந்து அறை கூட்ட ஏற்றினார்கள், அங்கிருந்து விரிப்புகளுக்குப் பொறுப்பாக, பிறகு வரவேற்பு மேசைக்கு. இதற்குள் என் தலை பாதி நரைத்துவிட்டது. படித்தது என்று சொன்னால் எல்லாம் ஒரே ஆளிடம்தான்.

அவர் மெனேஜர் தேவசகாயம் சேர். மெதடிஸ்த ஆள். என்ன வெயில் எறித்தாலும் நீளக்கைச் சட்டை, மினுக்கிய சப்பாத்து. துவைக்கிற பெண்ணையும் "நீங்க" என்றுதான் பேசுவார். குரல் உயர்ந்து ஒருநாளும் நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அவர் கண்ணாடியில் கை வைத்தால் நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு ஓடிவிடுவோம்.

அபூர்வமாக ஒரு குடும்பம் சின்னப் பிள்ளையோடு வருகிறது என்றால், அதற்கு முதல் நாள் மத்தியானம் சேர் அந்த அறைக்குப் போவார். சப்பாத்தை வாசலில் கழற்றி வைப்பார். கட்டிலைத் திரும்பியும் பார்க்கமாட்டார். ஒரு பாயை விரித்துத் தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "கதவச் சாத்துங்க" என்பார். முதல்முறை பார்த்தபோது ஆளுக்கு நெஞ்சு வருத்தம் வந்துவிட்டதென்று பயந்து தண்ணீர் எடுக்க ஓடினேன். தண்ணீரோடு வந்தால் ஆள் எழும்பி உட்கார்ந்திருக்கிறார். "செல்வராணி, நம்மட ஆக்கள் பிள்ளை உருண்டு விழுமெண்டு மெத்தைய இறக்கிக் கீழதான் போடுவாங்க. அப்ப நாம எங்க படுத்துப் பாக்கணும்?" என்று கேட்டார்.

எழும்பிய பிறகு, படுத்தபடி கேட்டதையெல்லாம் வரிசையாகச் சொல்லுவார். வாசற்கதவின் கீல் அழுகிறது. சமையலறையில் தேங்காய் துருவுகிற சத்தம் சுவர் வழியாக வருகிறது. விறாந்தையில் யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கிறார். விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை டக் என்கிறது. கீலுக்கு எண்ணெய் விடுவோம், விசிறியைக் கழற்றி முறுக்குவோம், செருப்புக்காரரைக் கண்டுபிடித்துச் சொல்லுவோம். ஒருமுறை எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு நான் பெருமையோடு நிற்க, சேர் ஜன்னலுக்கு மேலே இருந்த காற்றுத் துவாரத்தைக் காட்டினார். உச்சி சாய்ந்ததும் அதன் வழியே ஒரு கீற்று வெயில் நேரே பாயின் தலைமாட்டில் விழுந்தது. பிள்ளை எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கும் என்று தாயிடம் கேட்டீர்களா என்றார். நான் கேட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு கேட்காமல் விட்டதில்லை.

அப்படித்தான் போனில் கேட்கும் பழக்கம் வந்தது. எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்பதற்கு முன்னால் பிள்ளையைப் பற்றிக் கேட்போம். தாயோடு படுக்குமா, தனியப் படுக்குமா? மத்தியானத்தில் உறங்குமா? இருட்டு வேண்டுமா, விளக்கு வேண்டுமா? எந்தச் சத்தத்துக்கு விழிக்கும்? சில பேருக்கு எரிச்சல் வரும். அறை கேட்டால் சாதகம் கேட்கிறீர்களே என்று ஒரு தகப்பன் ஏசினார். வந்து தங்கிவிட்டுப் போகும்போது அதே மனிதர் அடுத்த வருசத்துக்கும் சொல்லி வைத்துவிட்டுப் போனார். மண்டபத்தில் கல்யாணம் இருக்கிற நாளில் கைப்பிள்ளைக்காரர் கேட்டால் சேர் கொடுக்கமாட்டார். "அண்டைக்கு நம்மட்ட அறை இருக்கு, நித்திரை இல்ல" என்று சொல்லி வேறு விடுதியின் பெயரைச் சொல்லுவார். அதைக் கேட்டு முதலாளி பல்லைக் கடிப்பார்.

பிறகு கடல் வந்தது.

அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலை, வாவித் தண்ணீர் ஒரு முழம் ஏறி எங்கள் படிக்கட்டை நனைத்தது, அவ்வளவுதான். கடலோரத்துக் கல்லடிப் பக்கத்தில் இருந்து பாலத்தால் ஓடி வந்த சனத்தைப் பார்த்த பிறகுதான் என்ன நடந்ததென்று விளங்கியது. சேர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எல்லா அறையையும் திறந்துவிட்டார். மண்டபம், விறாந்தை, சாப்பாட்டு அறை எங்கும் சனம். ஈர உடுப்பு, மண், யார் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். அந்தக் களேபரத்துக்குள் சேர் விரிப்புகள் வைக்கும் அறைக்குப் போய், அலுமாரிகளை வெளியே இழுக்கச் சொன்னார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தண்ணீர் தெரியாது, சத்தமும் குறைவு. துவைத்து மடித்திருந்த அத்தனை விரிப்பையும் நிலத்தில் பரப்பி, சின்னப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக அங்கே கொண்டுவந்து கிடத்தினோம். "முதல்ல பிள்ளையள் உறங்கட்டும். மறுகாதான் தாய்மார் அழலாம்" என்றார். பிள்ளைகள் உறங்கினார்கள். பிறகு விறாந்தையில் எழுந்த அழுகையை நான் என் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன்.

சண்டை முடிந்த பிறகு ஊர் மாறியது. சுவிஸ், கனடா, லண்டன் என்று போனவர்கள் கைக்குழந்தைகளோடு வரத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இங்கே பகல் எது இரவு எது என்று விளங்காது. மத்தியானத்தில் அறை இருட்டாக இருக்க வேண்டும். எங்கள் திரைச்சீலையோ வெயிலை அப்படியே வடித்து உள்ளே விடும். நான் காத்தான்குடிக்குப் போய் ஹனீபா நானாவின் துணிக்கடையில் அபாயா தைக்கிற கறுப்புத் துணியில் தடித்ததாக எடுத்துக் கேட்டேன். சுருள் சுருளாக வாங்குவதைப் பார்த்து, "உங்கட ஹோட்டல்ல எல்லாருக்கும் அபாயாவா புள்ள?" என்று கேட்டார். ஜன்னல்களுக்கு என்றேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஓரம் மடித்துத் தைத்தே கொடுத்துவிட்டார். அந்தத் திரையைப் போட்டு இழுத்தால் உச்சிப் பகலிலும் கை தெரியாது.

இப்படி எல்லாம் கைவந்துவிட்டது என்று நான் நிமிர்ந்து திரிந்த காலத்தில்தான் வதனி வந்தாள். சண்டை முடிந்து வந்த முதல் மார்கழி.

சுவிசில் இருந்து அவளே போன் எடுத்தாள். கடலோர நாவலடிப் பெண். கணவன் சுதனும் அதே ஊர். மகன் ஆதிக்கு இரண்டு வயது. என் கேள்விகளுக்கெல்லாம் சுருக்கமாகப் பதில் சொன்னாள். இருட்டில் உறங்குவான், மத்தியானமும் உறங்குவான், சுகமான பிள்ளை, கரைச்சல் தரமாட்டான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மேல்மாடி வேண்டும். நிலத்தோடு இருக்கிற அறை வேண்டாம். அந்தக் கரையில் இருந்து போனவர்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள், ஏன் என்று நாங்கள் விசாரிப்பதில்லை. வாவியைப் பார்த்த மூலை அறையை ஒதுக்கி, கறுப்புத் திரை போட்டு, அந்த நேரத்துக்கு மோட்டரை நிறுத்தச் சொல்லி, நானே பாய் விரித்துப் படுத்துப் பார்த்தேன். மூட்டுவலியோடு தேவசகாயம் சேரும் வந்து படுத்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

பிள்ளை உறங்கவில்லை. வந்த அன்று பயணக் களைப்பு என்று விட்டோம். மறுநாளும் கதறல். அதற்கடுத்த நாளும் மத்தியானம், இரவு என்றில்லாமல் அவன் வீரிட்டு அழுகிற சத்தம் கீழே வரவேற்பு மேசை வரைக்கும் கேட்டது. சுதன் கண்கள் சிவந்து இறங்கி வந்தான். கொழும்புக்கு வாகனம் பிடித்துத் தரச் சொன்னான், பயணத்தை முன்னுக்குத் தள்ளிவிட்டு வெளிக்கிடப்போகிறார்களாம். கடல் வந்த நினைவு நாளுக்கு இன்னும் சில நாள் இருந்தது. அதற்குத்தானே வந்தீர்கள் என்று கேட்டேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

மூத்தது ஒரு பெண்பிள்ளை இருந்திருக்கிறாள். தேனு. அந்த ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள். சுதன் அவள் வயிற்றில் இருக்கும்போதே சுவிசுக்குப் போனவன்; தன் மகளைப் படத்தில் மட்டும் பார்த்தவன். வதனி பிறகு அவனிடம் போய்ச் சேர்ந்தாள். வீடு இருந்த இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விளக்கு ஏற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை தூரம் வந்தார்கள். "வதனி இத்தின வருசத்துக்கு அந்தக் கரைக்குப் போகல்ல அக்கா. இப்ப போகாட்டி இனி ஒருக்காலும் போகமாட்டா. ஆனா பிள்ளை இப்பிடிக் கிடந்தா என்னெண்டு நிக்கிற?" என்றான்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரு பிள்ளையை உறங்கப் பண்ண முடியாமல் இந்தக் குடும்பத்தைத் திருப்பி அனுப்புவதா? அன்று மத்தியானம் சுடுதண்ணீர்ப் போத்தலோடு மேலே போனேன். கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே இருட்டு. விறாந்தை வெளிச்சத்தில் பார்த்தால் பிள்ளை உறங்குகிறான். கைகால் பரப்பி, வாய் திறந்து, அருமையான நித்திரை. எனக்கு வயிறு குளிர்ந்தது. வதனி பக்கத்தில் முழங்காலில் நின்று அவன் மூக்கடியில் கையை வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்க, அவனை இரண்டு தோளிலும் பிடித்து உலுப்பி, தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பி நின்றாள். அவன் வீரிட்டுக் கத்தினான்.

என்னைக் கண்டதும் அவள் மறைக்கவில்லை. "ராணியக்கா, இவன் நல்லா உறங்கினா எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அன்றைக்கும் தேனு நல்ல நித்திரையாம். எழுப்ப மனமில்லாமல் உறங்கவிட்டு, பால்மா வாங்கக் கடைக்குப் போனாளாம். திரும்பி வருவதற்குள் கடல் வந்துவிட்டதாம். சுவிசில் இருக்கும்போது இப்படி இல்லை, இங்கே வந்த பிறகுதான், இரைச்சல் கேட்கும்போதெல்லாம் கை தானாகப் போகிறது என்றாள். எந்த இரைச்சல் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

நேரே சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதிரையில் இருந்து எழும்பி மேல்மாடிக்கு ஏறினார், விறாந்தையின் கிழக்கு மூலையில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றார். மார்கழிக் கடல் வாவிக்கு அந்தப் பக்கம் நின்று இரைந்துகொண்டிருந்தது. கீலையும் விசிறியையும் செருப்பையும் கேட்ட எங்கள் காதில் அது விழவே இல்லை. பிறந்த நாளில் இருந்து கேட்கிற சத்தம், அது எங்களுக்குச் சத்தமே இல்லை. தண்ணீருக்கு உயரமாக இருக்க வேண்டும் என்று அவள் கேட்ட அறைதான் கடல் ஆகக் கூடுதலாகக் கேட்கிற அறை.

"பிள்ளைக்கு அறை பாத்தம். தாய்க்குப் பாக்கல்ல" என்றார் சேர். கீழ் அறைக்கு அவள் வரமாட்டாள். வந்தாலும், கடலை ஒட்டிய கிழக்குப் பக்கமான இந்த எழுவான்கரை ஒரு நாடாத் துண்டு போலக் கிடக்கிறது; இங்கே கடல் கேட்காத வீடு எங்கே இருக்கிறது? அப்படியென்றால் வாவியை மேற்கே கடக்க வேண்டும். நான் படுவான்கரை என்றேன். சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இப்போது சொன்னால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அப்போது மேற்குக்கரைக்கு விருந்தாளியை அனுப்புவது என்றால் பைத்தியம் பிடித்திருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். சண்டை கிழித்துப் போட்ட தெருக்கள். பல இடத்தில் மின்சாரம் இல்லை. தங்குவதற்கு விடுதி என்று ஒன்றும் கிடையாது. அதுவும் எங்கள் அறைகள் எல்லாம் நிரம்பிக் கிடக்கிற கிழமையில், இருக்கிற விருந்தாளியை நாமே வெளியே அனுப்புவதா? சமையலறை ஆட்கள் தொடங்கி எல்லோரும் புத்தி சொன்னார்கள். நான் சுதனிடம் போய், ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். சேர் மட்டும், "முதலாளிக்கு நான் சொல்லுறன். நீங்க பிள்ளைய உறங்கப் பண்ணிப்போட்டு வாங்க" என்றார்.

மறுநாள் மண்முனைத் துறையில் பாதையில் ஏறினேன். அப்போது அங்கே பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் வண்டிகளையும் கரை கடத்துகிற தட்டையான மிதவையை. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் பரமேஸ்வரி இருந்தாள். எங்கள் விடுதிக்கு எருமைத்தயிர் தருகிறவள், தனியாள், கல்வீடு. மேட்டு நிலத்தில் வீடு, சுற்றிவர வட்டை என்கிற வயல்வெளி பச்சையாக நின்றது. நான் வந்த காரியத்தைச் சொன்னதும், "சுவிஸ் ஆக்களுக்கு என்ட வீடா? உனக்கென்னகா, விசரா?" என்றாள். நான் உள்ளே போய்ப் பாய் கேட்டேன். நடு அறையில் படுத்துக் கண்ணை மூடினேன். மாடப்புறா கேட்டது. தூரத்தில் மாட்டு மணி. காற்று நெல்லின் மேல் போகிற சத்தம். காதைத் தீட்டிக்கொண்டு ஒரு சத்தத்தைத்தான் தேடினேன். அது இல்லவே இல்லை. எழும்பும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

எருமைக் கன்றைப் பின்வளவுக்கு மாற்றிக் கட்டச் சொன்னேன். வெளிநாட்டுப் பிள்ளையைப் பார்க்க ஊர்ச்சனம் பலகாரத்தோடு வந்து குவியும், மத்தியானத்தில் யாரையும் உள்ளே விடாதே என்றேன். பிறகு கண்டேன், கோயில் ஒலிபெருக்கியின் வாய் நேரே இந்த வீட்டைப் பார்த்தபடி இருந்தது. திருவெம்பாவைக் காலம், விடிகிற வெள்ளாப்புக்கு முன்னமே பாட்டுத் தொடங்கிவிடும். கோயில் பொறுப்பாளரான வண்ணக்கரைத் தேடிப் போனேன். வயதானவர். சாமிக்குப் போடுகிற பாட்டை நிறுத்தச் சொல்கிறாயா என்று முறைத்தார். நிறுத்த வேண்டாம், திருப்புங்கள் என்றேன். எதற்கென்று முழுக்கவும் சொன்னேன். கடலில் போன பிள்ளை என்றதும் மனிதர் எழும்பிவிட்டார். "வட்டைப் பக்கம் கிறுக்கித் திருப்பி விடுறன். இந்த வருசம் கொக்குகள் திருவெம்பாவை கேக்கட்டும்" என்றார்.

அடுத்த நாள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். பாதை வாவி நடுவில் போகும்போது வதனி பின்னுக்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள், பிள்ளை அவள் இடுப்பில். மேற்குக்கரையில் இறங்கிக் கொஞ்சத் தூரம் போனதும் அவளே நின்று காது கொடுத்தாள். தோள் இறங்கியது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் வீடு வந்தது.

நடு அறையில், கூரை வளையில் இருந்து ஏணை தொங்கியது, பிள்ளையைப் போட்டு ஆட்டுகிற சேலைத் தொட்டில். பரமேஸ்வரி கட்டியிருந்தாள். கூறைச்சேலை, அவளுடைய கல்யாணத்துச் சேலை, பெட்டியில் இருந்து எடுத்து இரண்டாக மடித்துக் கட்டி, உள்ளே பஞ்சுத் தலையணை வைத்து. எங்கள் பக்கத்தில் கைப்பிள்ளையோடு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவதற்கு முன்னால் ஏணை கட்டுவார்கள். அது மரியாதை. கட்டாவிட்டால்தான் குறை.

வதனி வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏணையிலதான் அக்கா" என்றாள். "ஏணையிலதான் உறங்கினவள்."

பரமேஸ்வரிக்கு விளங்கிவிட்டது. ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டு கயிற்றை அவிழ்க்கப் போனாள். நானும் ஓடினேன். எங்களுக்கு முன்னால் பிள்ளை போய்விட்டான். தாயின் இடுப்பில் இருந்து வழுக்கி இறங்கி, குடுகுடுவென்று ஓடி, அந்தச் சிவப்புப் பட்டுச் சேலையை ஒரு தள்ளுத் தள்ளினான். அது போய்த் திரும்பி வந்தது. அவன் கெக்கட்டமிட்டுச் சிரித்தான். சுவிசில் எங்கே ஏணை கண்டான்? மறுபடி தள்ளினான். பிறகு ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப் பார்த்து, எட்டாமல் தாயைத் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினான்.

பரமேஸ்வரி அவிழ்க்கப் போன கையை இழுத்துக்கொண்டாள். வதனி மெல்ல நடந்து போனாள். கயிற்றைப் பிடித்தாள். வளையில் போட்டிருந்த முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு அவனைத் தூக்கி உள்ளே கிடத்திவிட்டு, பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து ஆட்டத் தொடங்கினாள். அவன் சிரித்தபடியே கிடந்தான், பிறகு சிரிப்பு நின்றது. இத்தனை நாள் உறங்காத பிள்ளை அல்லவா. அவள் கை அவன் மூக்கடிக்குப் போனது. போய் வந்தது, போய் வந்தது. ஆனால் தூக்கவில்லை. அந்த மத்தியானம் முழுக்க நான் வாசற்படியில் உட்கார்ந்து, பலகாரத்தோடு வந்த பெண்களைக் கையால் சைகை காட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். பிறகு எட்டிப் பார்த்தபோது தாயும் சுவரில் தலை சாய்த்து உறங்கிப்போயிருந்தாள், கையில் கயிறு.

கமலினி, இதையெல்லாம் உனக்கு எழுதுவதால் உன் விருந்தாளிகளை வாவி கடத்து என்று சொல்லவில்லை. அந்தச் சரி அடையாளங்களை இன்றைக்கே அழித்துவிடு. நாளைக்கு மத்தியானம் நான் வாறன், ஒரு பாய் எடுத்து வை. அறை அறையாகப் படுத்துப் பார்ப்போம், நீயும் படு. தாய்க்கு எது கேட்கும் என்பதையும் சேர்த்துக் கேட்கப் பழகு. அந்த நினைவு நாள் காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நான் முதல் நாளே பரமேஸ்வரி வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டேன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் கடற்கரைக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. வாகனம் வந்து நின்றது. பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை எடுத்து வைத்திருந்தது. இரவு மழை பெய்து குளிர்ந்த காலை, அவன் ஏணைக்குள் சுருண்டு உறங்கிக்கொண்டிருந்தான். கோயில் பாட்டு வயல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. சுதன் அவனைத் தூக்கக் குனிந்தான்.

"வேணாம்" என்றாள் வதனி. "உறங்கட்டும்."

சுதன் அவளைப் பார்த்தான். அப்படியென்றால் நான் நிற்கிறேன் என்றான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். நீங்களும் தேனுவுக்கு விளக்கு வைக்க வேண்டும், வாங்க என்றாள். பிறகு என்னிடம், "எழுப்பாதீங்க அக்கா. தானா எழும்பினா பால் குடுங்க" என்றாள். படி இறங்கினவள் திரும்பி வந்தாள். மூக்கடியில் கை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஏணைச் சேலையின் விளிம்பை இழுத்து அவன் காலை மூடிவிட்டு, போய் வாகனத்தில் ஏறினாள்.

எத்தனை பிள்ளைகளுக்கு அறை பார்த்துக் கொடுத்தவள் நான். அன்றைக்கு அந்த ஏணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருதரம் இல்லை, பலதரம் அவன் மூக்கடியில் கையை வைத்துப் பார்த்தேன். மெல்லிய சூடான மூச்சு வந்து என் விரலில் பட்டது. பரமேஸ்வரி வந்து, நீயும் தொடங்கிட்டியா என்று கேட்டாள். அவளும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அவன் உறங்கினான். வெயில் ஏறி, புறா கத்தத் தொடங்கி, கன்று பின்வளவில் கூப்பிட்டு, எல்லாம் நடந்தது. அவன் புரண்டும் படுக்கவில்லை. வாகனம் திரும்பி வந்து படலையடியில் நிற்கிற சத்தம் கேட்டது. அவள் ஓடி வருவாள் என்று நான் எழும்பினேன். அவள் நடந்துதான் வந்தாள். காலில் கடல்மண். கையில் திரி கருகின வாசம். சுதன் கொஞ்சம் பின்னால், முகத்தைத் துடைத்துக்கொண்டு. வதனி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்.

"எழும்பிட்டானா?"

"இன்னும் இல்ல" என்றேன்.

"அப்ப நான் முகத்தக் கழுவிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, அவள் கிணற்றடிக்குப் போனாள்.